ஸ்டெல்லாவின் பரீட்சைக்கு நான்தான் கோச்

இங்கிலீஷ் தெரியாதவர்களால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் எதுவும் வந்ததில்லை. நன்றாகத் தெரிந்தவர்களும் பேசாமல் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், தனக்கு ரொம்பத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு ஒரு கூட்டம் கையில் சிவப்புப் பேனாவோடு அலைகிறது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு சங்கம் ஆரம்பித்தால் பெங்களூர் ஆஸ்டின் டவுன் கிளைக்குத் தலைவர் பதவி எனக்குத்தான். எதிர்த்து நிற்க ஆள் கிடையாது.

என் தொழில் அப்படி. தொம்மலூரில் ஓர் அலுவலகம். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குப் போகிற அறிக்கைகளை, போவதற்கு முன்னால் படித்துப் பிழை திருத்தி அனுப்புவது என் வேலை. சேர்ந்த புதிதில் ஒருநாள் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தப்பே இல்லை. அப்படியே கொண்டுபோய் மேனேஜர் மஞ்சுநாத்திடம் கொடுத்தேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

"ஏன் குரு, இதை ஓதவே இல்லையா?" என்றார். (குரு என் பெயர் அல்ல, இங்கே ஆளைக் கூப்பிடுகிற சொல்; கன்னடத்தில் ஓதுவது என்றால் படிப்பது. எங்கள் ஊரில் தமிழும் கன்னடமும் ஒரே தட்டில் சாப்பிடும்.)

"படிச்சேன் சார். கரெக்டா இருக்கு."

"கரெக்டா இருக்குன்னா உனக்கு எதுக்கு சம்பளம்?"

அப்புறம்தான் பக்கத்து மேஜைக்காரர்களைக் கவனித்தேன். எங்கள் ஆபீசில் எந்தப் பக்கமும் கீறல் இல்லாமல் திரும்பிப் போனதில்லை. ஒரு கமாவையாவது நகர்த்துவார்கள். சுத்தமாகத் திரும்பிய பக்கம், படிக்காத பக்கம். நானும் சீக்கிரமே தேறிவிட்டேன். ஒன்றும் கிடைக்காவிட்டால் இருக்கிற கமாவை எடுப்பேன். அதே பக்கம் மறுபடி பார்வைக்கு வந்தால் அதே கமாவைத் திரும்ப வைப்பேன். இரண்டு தடவையும், "குட் கேட்ச்" என்று பாராட்டு வரும். வருஷக்கணக்கில் இப்படிப் பாராட்டு வாங்கினால் மனிதன் என்ன ஆவான்? திருத்தல் பைத்தியம் ஆவான்; நானும் ஆனேன். மாதா கோயிலில் பூசைக்கு முன்னால் கொடுக்கும் அறிவிப்புத் தாளைத் திருத்தினேன். கல்யாணப் பத்திரிகையைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். (கல்யாணம் முடிந்தபிறகு.)

இந்த லட்சணத்தில் இருந்தவன் கையில்தான் ஸ்டெல்லா தன் பரீட்சையை ஒப்படைத்தாள்.

ஸ்டெல்லா என் மனைவி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவில் இருந்தாள். அங்கே நிர்வாக அதிகாரி ஓய்வுபெறப் போகிறார் என்று பேச்சு வந்தது. அந்த நாற்காலியின் முக்கால்வாசி வேலையை ஏற்கெனவே அவள்தான் செய்துகொண்டிருந்தாள்; நாற்காலி மட்டும் அவருடையது. நிர்வாகம் கூப்பிட்டுச் சொன்னது: "இந்த வருஷம் மேனேஜ்மென்ட் படிப்பில் சீட் வாங்கிவிடு, அந்த இடம் உனக்கு. இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவருவோம்." வேலை பார்த்துக்கொண்டே சனி ஞாயிறில் படிக்கும் வகுப்பு. அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு. விண்ணப்பத்தின் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்ததால் ஒரே ஒரு தடவைதான் எழுத முடியும். கோட்டை விட்டால் கோட்டை விட்டதுதான்.

கணக்கில் அவள் புலி. ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்து மயங்கி விழுகிற உறவினர்களை, அந்தத் தொகை எப்படி வந்தது என்று விளக்கியே எழுப்பிவிடுவாள். பயமெல்லாம் இங்கிலீஷ் திருத்தக் கேள்விகளில்தான். பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்தவள்.

அந்தக் கேள்விகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு நீளமான வாக்கியம் கொடுப்பார்கள். அதில் ஒரு பகுதிக்கு அடிக்கோடு போட்டிருக்கும். கீழே ஐந்து விடைகள். முதல் விடை 'ஏ': அடிக்கோடு போட்டது உள்ளபடியே இருக்கட்டும், மாற்ற வேண்டாம். மற்ற நான்கும் நான்கு விதமான திருத்தங்கள். எது சரியோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"இதுக்கா பயப்படுறே? வீட்டுலயே சிங்கத்தை வெச்சிக்கினு?" என்று நான் மார்பைத் தட்டிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பழைய புத்தகக் கடையில் ஒரு தடியான பயிற்சிப் புத்தகம் வாங்கி வந்தேன். கடைசிப் பக்கங்கள் கிழிந்திருந்தன. அவைதான் விடைகள் இருந்த பக்கங்கள். கடைக்காரரே தயங்கினார், "சார், ஆன்ஸர் இல்ல" என்று. நான் புன்னகைத்தேன். எனக்கு எதற்கு விடைகள்? ஆளே விடை.

பாடம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நடந்தது. எதிரே என் மாமியார் பிலோமினா உட்கார்ந்து பூண்டு உரிப்பார். அவர் எங்களோடுதான் இருக்கிறார். நான் அவரை அத்தை என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். அந்த ஒரு சொல்லை அவர் எத்தனை விதமான தொனியில் சொல்வார் என்பதற்கே தனிப் புத்தகம் போடலாம்.

"ஏங்க, இந்த வாக்கியம் நல்லாத்தானே இருக்கு. ஏ போடட்டுமா?" என்று முதல் நாளே கேட்டாள் ஸ்டெல்லா.

நான் பேனாவைக் கீழே வைத்தேன். (முக்கியமானதைச் சொல்லும்போது பேனாவைக் கீழே வைப்பது என் பாணி.)

"ஸ்டெல்லா, யோசிச்சுப் பாரு. பரீட்சைன்னு ஒண்ணு வெச்சு, ஏசி போட்டு, கம்ப்யூட்டர் வெச்சு உன்னைக் கூப்பிடுறான். கூப்பிட்டு, 'இது சரியா இருக்கு, நீ போகலாம்'னு சொல்றதுக்கா கூப்பிடுவான்?"

"அப்போ ஏ-ன்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்கான்?"

"சோம்பேறிங்களைப் பிடிக்கறதுக்கு."

அவள் பணிவாக 'சி'யைக் குறித்தாள். பூண்டுத் தோல் குவியலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சரியா இருக்கறதை எதுக்கு மாப்ள நோண்டுறீங்க? நல்லா ஓடிக்கினு இருந்த மிக்ஸியைத் தொறந்தீங்க. அது இன்னைக்கும் பால்கனியில வாயைப் பொளந்துக்கினு கெடக்குது."

"அத்தை, மிக்ஸி வேற, கிராமர் வேற."

"தொறக்கறவரு ஒருத்தருதானே," என்று அவர் அடுத்த பூண்டை எடுத்தார்.

நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிய ஆசிரியர்களுக்கு இதெல்லாம் சகஜம். ஸ்டெல்லா எந்த விடையைக் குறித்தாலும் நான் அதற்குப் பத்து நிமிஷம் காரணம் சொன்னேன். எதிர்த்துப் பேச விடைப்பக்கம் இல்லாததால் எல்லாம் சரியாகவே இருந்தது. அந்தக் குஷியில் நானும் அதே தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டேன். "உனக்குத் துணைக்கு" என்றேன். உண்மையில், என் மதிப்பெண்ணைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் மேஜையில் வைத்து மஞ்சுநாத் கண்ணில் தினமும் படச்செய்வதுதான் திட்டம்.

பரீட்சை நாள் வந்தது. ஒரு பெரிய கட்டடத்தின் மூன்றாவது மாடி. உள்ளே விடுவதற்கு முன் பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி இரண்டு பக்கமும் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தை லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். மேற்பார்வைக்கு ஒரு பெண்மணி. கறுப்புக் கோட்டு, இறுக்கிக் கட்டிய கொண்டை, சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வந்த முகம். விதிகளை வாசித்தார். இடைவேளையில் யாரும் யாரோடும் பரீட்சையைப் பற்றிப் பேசக் கூடாது. சைகை கூடாது. மீறினால் வெளியே.

எல்லாம் முடித்ததும் மதிப்பெண் கம்ப்யூட்டர் திரையிலேயே வந்துவிடும். எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஸ்டெல்லா கணக்கை முதலில் எடுத்தாள். இடைவேளைக்குப் பிறகு இங்கிலீஷ். நான் இங்கிலீஷை முதலில் எடுத்தேன். விருந்தில் பாயசத்தை முதலில் குடிக்கிறவன் நான்.

குடித்தேன். வாக்கியங்கள் வரவர வெட்டித் தள்ளினேன். 'பி', 'டி', 'சி', 'இ', மறுபடி 'டி'. பக்கத்து நாற்காலிக்காரர் ஒரே கேள்வியை முறைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்தார். பாவம், திருத்தப் பழகாதவர் என்று நினைத்துக்கொண்டேன். நேரம் மிச்சமிருக்கும்போதே முடித்துவிட்டு, கையைத் தூக்கி, இடைவேளை அறைக்கு வந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டேன்.

எதிர்ச் சுவரில் ஓர் அறிவிப்பு. லாக்கர் சாவியைத் திருப்பித் தந்துவிட்டுப் போகவும் என்று இங்கிலீஷில் நாலு வரி. பழக்க தோஷம், திருத்த ஆரம்பித்தேன். முதல் வரியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் ஒன்றும் இல்லை. எழுந்துபோய் மூக்கு சுவரில் இடிக்கும்படி நின்று படித்தேன். ஒரு சொல்லை மாற்றிப் பார்த்தேன், கெட்டுப்போனது. கமாவை நகர்த்திப் பார்த்தேன், இன்னும் கெட்டுப்போனது. கடைசியில் என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பேருண்மை புலப்பட்டது: அந்த அறிவிப்பு சரியாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து, இந்தத் தடவை கால் மேல் கால் போடாமல் உட்கார்ந்தேன்.

இத்தனை கேள்விக்கும் நான் ஒரு 'ஏ'கூடப் போடவில்லை. ஒன்றுகூட. கேள்வி எழுதியவர் ஐந்தில் ஒரு விடையாக அதை வைத்திருக்கிறார். ஒரு தடவைகூட அது சரியான விடையாக வராமலா வைத்திருப்பார்? சோம்பேறிகளைப் பிடிக்க விரித்த வலை என்று யார் சொன்னது? நான் சொன்னேன். யாரிடம் சொன்னேன்? ஸ்டெல்லாவிடம்.

என் மதிப்பெண் போனால் ஒரு கண்ணாடிச் சட்டம் மிச்சம். அவளுடையது போனால் நாற்காலி போச்சு. யாரோ ஒருவன் வெளியூரிலிருந்து வந்து உட்கார்வான். அவனுக்கும் இவளே வேலை சொல்லிக்கொடுப்பாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்து ஸ்டெல்லா வந்தாள். கணக்கு நன்றாகப் போயிருக்கிறது என்று நடையிலேயே தெரிந்தது. அறையின் மறு மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் கறுப்புக் கோட்டு. என்னுடைய இடைவேளை அதற்குள் முடிந்து, என் கணக்குப் பகுதியின் நேரம் உள்ளே ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று விட்டேன்.

பேசக் கூடாது. அதனால் இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேராகக் கொண்டுவந்து, விரல் நுனிகளை மேலே சேர்த்து, மணிக்கட்டுகளை அகட்டி, கட்டைவிரல்களை நடுவில் குறுக்கே வைத்தேன். அச்சு அசல் இங்கிலீஷ் 'ஏ'. புருவத்தைத் தூக்கித் தூக்கி அவளைப் பார்த்துக் காட்டினேன்.

ஸ்டெல்லா வாயில் தண்ணீரோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு பாட்டிலை வைத்துவிட்டு, பக்தியோடு நெற்றியில், மார்பில், தோள்களில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மேற்பார்வைப் பெண்மணியும் என்னைக் கவனித்தார். அவர் முகம்கூடக் கொஞ்சம் இளகியது. (தீவிர விசுவாசி என்று நினைத்திருப்பார்.)

சரி, வேறு வழி. 'ஏ' என்பது முதல் விடை. ஆகவே ஒரு விரலை உயர்த்தி, ஸ்டெல்லாவைப் பார்த்து ஆட்டினேன். முதலாவது, முதலாவது.

"டாய்லெட் லெஃப்ட்ல இருக்கு சார்," என்றார் மேற்பார்வைப் பெண்மணி.

அறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். போனேன். திரும்பி வந்தபோது ஸ்டெல்லா எழுந்து கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். கதவு என் முகத்துக்கு நேரே மூடியது. மூளை வேலை செய்யவில்லை. மூச்சு வேலை செய்தது. ஏசி குளிரில் கண்ணாடி சில்லென்று இருந்தது. அதன்மேல் வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதி, படிந்த ஆவியில் விரலால் பெரியதாக ஓர் 'ஏ' எழுதினேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கிற எழுத்து என்று அந்த நெருக்கடியிலும் எனக்கு ஒரு பெருமை.

ஸ்டெல்லா திரும்பிப் பார்க்கவில்லை. நேராகத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள். அவளை உட்காரவைத்துவிட்டுத் திரும்பி வந்த மேற்பார்வைப் பெண்மணி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று 'ஏ'யை வாசித்தார். அதன் ஓட்டைக்குள் தெரிந்த என் கண்ணையும் வாசித்தார்.

கதவைத் திறந்து, இது என்ன என்று கன்னடத்தில் கேட்டார், "இதேனு சார்?"

"என் இனிஷியல் மேடம். ஆரோக்கியராஜ். ஏ."

"அதைக் கதவு மேல எழுதணுமா?"

"பழக்கம் மேடம்."

"யாருக்காக எழுதினீங்க?"

"எனக்காகத்தான். யாரும் பார்க்கலையே," என்றேன். அந்த நாளில் நான் சொன்ன ஒரே கலப்பில்லாத உண்மை அதுதான். யாரும் பார்க்கவில்லை.

அவர் அதிகம் பேசவில்லை. என் பரீட்சை ரத்து என்று ஒரு வரியில் சொல்லி, லாக்கரைத் திறந்து என் பொருள்களைக் கையில் கொடுத்து, லிஃப்ட் வரை கூடவே வந்து, அது மூடும்வரை நின்றார். இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வெளியே தள்ளியதில்லை.

கீழே ஒரு பேக்கரி. மிளகாய் போட்ட காரா பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு நின்றேன். பன் இறங்கவில்லை. போன் அடித்தது. அத்தை.

"இன்னா மாப்ள, முடிஞ்சுதா?"

"என்னுது முடிஞ்சுது அத்தை."

"அதுக்குள்ளயா? ஸ்டெல்லா?"

"உள்ள எழுதிக்கினு இருக்கா."

"நீங்க அவ்ளோ ஃபாஸ்ட்டா?"

"ஆமாம் அத்தை. என்னைத்தான் முதல்ல அனுப்பினாங்க."

என் மாமியாருக்கு நான் சொல்லாததையும் படிக்கத் தெரியும். "வரும்போது ரஸ்க் வாங்கிக்கினு வாங்க," என்று வைத்துவிட்டார்.

நான் அங்கேயே நின்று ஒத்திகை பார்த்தேன். 'ஸ்டெல்லா, தப்பு என் மேலதான்.' நன்றாக இல்லை. 'ஸ்டெல்லா, தப்பு என்னுடையது.' இதுவும் இல்லை. 'தப்பு என்னால் நேர்ந்தது.' ஒரு மன்னிப்பைக்கூடத் திருத்தாமல் சொல்ல வராத ஜன்மம். நான்காவது வடிவத்தில் நிற்கும்போது அவள் படியிறங்கி வந்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பில்லிங் பிரிவு முகம்.

"எங்க போனீங்க? உங்க சீட்டு காலியா கெடந்துச்சு."

"அத விடு. ஸ்கோரு?"

சொன்னாள். எனக்குக் காது அடைத்தது. அந்த வகுப்புக்குத் தேவையானதைவிட அதிகம். நான் பன்னை வைத்துவிட்டு மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னாள்.

"இங்கிலீஷும் சேர்த்தா?"

"இங்கிலீஷ்தான் நல்லா வந்துருக்கு."

"அப்போ நான் காட்டின ஏ உனக்குப் புரிஞ்சுது?" என் குரலில் பழைய தெம்பு திரும்பிவிட்டது. ஆசிரியன் ஆசிரியன்தான்.

"எந்த ஏ?"

நான் பேக்கரி வாசலில் நின்று, மறுபடி உள்ளங்கைகளைச் சேர்த்துக் காட்டினேன். அவள் என்னையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள், பக்கத்தில் நின்றிருந்த யாருடைய ஸ்கூட்டர் மேலேயோ சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"அது ஏ-யா? நீங்க கும்பிடுறீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "ஏங்க, கல்யாணத்தன்னைக்குக்கூட நீங்க அப்படிக் கும்பிட்டதில்ல. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கினு போறப்பகூட டாக்டருக்கு ஏதோ சொல்லிக்குடுத்துக்கினுதான் போனீங்க. அப்படிப்பட்ட ஆளு கண்ணை உருட்டிக்கினு கடவுளைக் கூப்பிடுறாருன்னா என்னா அர்த்தம்? நமக்குச் சொல்லிக்குடுத்ததுல பெரிய ஓட்டை இருக்குதுன்னு அர்த்தம். உள்ள போய் உக்காந்ததும், நீங்க சொன்னது எல்லாத்தையும் மறந்துடறதுன்னு முடிவு பண்ணேன். நல்லா இருந்ததை நல்லா இருக்குன்னு விட்டுட்டேன். அவ்ளோதான்."

நான் பன்னை எடுத்துச் சாப்பிட்டேன். இப்போது இறங்கியது.

ஸ்டெல்லாவுக்கு சீட் கிடைத்தது. நாற்காலியும் கிடைத்தது. என் மதிப்பெண் ரத்தாகிவிட்டதால் அது எவ்வளவு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதனால் மிக அதிகமாக இருந்திருக்கும் என்று ஆபீசில் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுக்க ஆளில்லை.

வீட்டில்தான் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலமே ஸ்டெல்லா தன் அம்மாவுக்கு முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டாள். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்கு நிம்மதி போய்விட்டது. போன வாரம் எல்லோரையும்போல நானும் முழந்தாளிட்டு, கண்ணை மூடி, சும்மா ஒரு வழக்கத்துக்காகத்தான் கை கூப்பினேன். பக்கத்தில் அத்தை என்னைக் கடந்து குனிந்து, மகளின் தோளைத் தட்டி, பாதிரியாருக்கே கேட்கிற மாதிரி கிசுகிசுத்தார்:

"ஸ்டெல்லா, மாப்ள கும்பிடுறாரு. வீட்டுல காஸை மூடினியான்னு யோசி."